இருந்த இடத்தில் தேயும் நாரி

எங்கள் ஊரான ஜெயபுரத்தில் ஒருவருக்கு நாரிநோ என்றால், வயலில் மூட்டை தூக்கியதால் வந்தது என்று உடனே சொல்லிவிடுவோம். காலையில் தையல் மெசினில் இருந்து மத்தியானம் எழும்புகிற பெண் நாரியைப் பிடித்தால், "இருந்துதானே வேலை செய்யிறாய்" என்கிறோம். அது பிழையான பேச்சு.

நம் முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல 23 இடைத்தட்டுகள் உண்டு. வளர்ந்தவர்களில் அவற்றின் வெளி ஓரத்தைத் தவிர உள்ளே இரத்தக்குழாய் இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்து வருவதே அவற்றுக்குச் சாப்பாடு. பாரம் ஏறினால் தட்டிலிருந்து நீர் வெளியேறும், பாரம் குறைந்தால் திரும்ப ஊறும். பின்னேரத்தைவிடக் காலையில் நாம் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் உயரமாக இருப்பது இதனால்தான். மணிக்கணக்காக அசையாமல் இருந்தால் இந்தப் போக்குவரத்து மந்தமாகிவிடும்.

சுவீடன் மருத்துவர் நாக்கெம்சன் 1960களில் இடைத்தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட இருப்பதில் அது கூட என்றார். 1999இல் ஜேர்மனியில் ஆய்வாளர் வில்கேயின் குழு அளந்தபோது அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முன்னுக்கு வளைந்து இருக்கும்போதே நன்றாக ஏறியது. தையல்காரர் நாள் முழுக்க இருப்பது அந்த வளைவில்தான். "நிமிர்ந்து இரு" என்று பிள்ளைகளை அதட்டுவதைவிட "கொஞ்சம் எழும்பி நட" என்பது நல்லது. எவ்வளவு நிமிர்ந்து இருந்தாலும், அசையாமல் இருந்தால் நாரி நோகும்.

அரை மணிக்கு ஒருக்கால் எழும்புங்கள். நூல்கட்டையையும் தண்ணீர்ப் போத்தலையும் எட்டாத இடத்தில் வைத்தால் எழும்பியே ஆகவேண்டும். எழும்ப முடியாத நேரத்தில் கதிரையிலேயே முன்னும் பின்னும் சாய்ந்து இடுப்பை அசையுங்கள். ஓட்டோவோ உழவு இயந்திரமோ ஓட்டுபவர்கள் இறங்கியவுடன் பாரம் தூக்காமல் சற்று நடவுங்கள். நோ வந்துவிட்டால் நாள்கணக்கில் படுத்துக் கிடக்கவும் வேண்டாம். தாங்கக்கூடிய அளவுக்கு நடமாடினால்தான் சுகம் வரும்.

ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்லவேண்டும். தொழிலாளரின் பாதுகாப்பு, சுகாதாரம், நலன் பற்றி இலங்கையின் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பேசுகிறது. பொருத்தமான கதிரை கேட்பதும், இடைவேளையில் எழும்பி நடப்பதும் சலுகை கேட்பதாகாது. மேற்பார்வையாளர் செவிசாய்க்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

கால் பலமிழந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை மீறினாலோ எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வருத்தம். 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்; அதற்குக் காசு இல்லை.