செங்காந்தள் விஷம் புற்றுநோய்க்கு மருந்தாகுமா? கணினியில் நடக்கும் தேடல்!

வீட்டில் யாராவது கீமோதெரபி எடுத்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முடி கொட்டும். சில மருந்துகளால் விரல்கள் மரத்துப்போய், சட்டைக்குப் பட்டன் போடக்கூடச் சிரமப்படுவார்கள். புற்றைத் தாக்க வேண்டிய மருந்து நரம்பை ஏன் தொடுகிறது?

காரணம், நம் செல்களுக்குள் இருக்கும் மைக்ரோடியூபியூல் என்கிற நுண்குழாய்கள். டியூபுலின் என்ற புரதம் செங்கல் போல அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவாகும் இவற்றின் விட்டம் சுமார் 25 நானோமீட்டர்தான். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துப் பங்குபோடுவது இவற்றின் வேலை. அதைக் கெடுத்தால் புற்றுசெல் பெருக முடியாது.

நித்யகல்யாணியில் கிடைக்கும் வின்கிரிஸ்டின், குழாயை உருவாக விடாது. பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டறியப்பட்ட பாக்ளிடாக்ஸல், உருவான குழாயைக் கலைய விடாது. இரண்டிலும் செல்பிரிவு நின்றுபோகும். ஆனால், நரம்புக்குள் சத்துகள் பயணிக்கும் தண்டவாளமும் இதே குழாய்தான். அதனால்தான் விரல்கள் மரத்துப்போகின்றன. வேகமாகப் பெருகும் முடிவேர் செல்களும் அடிவாங்குகின்றன.

பூட்டுக்கேற்ற சாவி

1998-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ஈவா நொகாலெஸ், ஷாரன் உல்ஃப், கென்னத் டவுனிங் மூவரும் டியூபுலினின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்தார்கள். பூட்டின் உள்பக்கம் தெரிந்துவிட்டால் சாவி செய்வது சுலபம்தானே? மருந்து போய் உட்காரும் பள்ளத்தைத் திரையில் வைத்து, எந்த மூலக்கூறு கச்சிதமாகப் பொருந்தும் என்று கணினி கணக்குப் போடுகிறது. தேறியவற்றை மட்டும் ஆய்வகத்தில் தயாரித்தால் போதும்.

டியூபுலினில் பல வகைகள் உண்டு. மருந்துக்கு அடங்காத சில நுரையீரல், சினைப்பை, மார்பகப் புற்றுகளில் ‘பீட்டா-3’ என்ற வகை அதிகமாக இருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜாக் துஷின்ஸ்கியின் குழு, இந்த வகையைக் குறிவைத்து கொல்கிசின் மூலக்கூறைக் கணினியில் மாற்றியமைத்தது. பிறகு அவற்றைத் தயாரித்து, புற்றுசெல்கள்மீது சோதித்தது.

கொல்கிசின் நமக்கு அந்நியமல்ல. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அதுதான். கவுட் மூட்டுவலிக்கு மிகக் குறைந்த அளவில் மருந்தாகிறது. புற்றைத் தாக்கும் அளவுக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அந்த விஷத்தன்மையைக் குறைத்து, குறியைக் கூர்மையாக்குவதுதான் சவால்.

இதில் ஒரு முடிச்சும் இருக்கிறது. பீட்டா-3 வகை இயல்பாகவே நரம்பு செல்களிலும் உண்டு. நரம்பைக் காயப்படுத்தாமல் புற்றை மட்டும் தாக்குமா என்பதைத் திரை சொல்லிவிடாது. விலங்குகளிலும் பிறகு மனிதர்களிலும் சோதித்தே அறிய முடியும்.

கவனிக்க!

* செங்காந்தள் கிழங்கை வைத்தியம் என்று சாப்பிடாதீர்கள், உயிர் போகும்.

* சிகிச்சையின்போது விரல்கள் மரத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவையோ இடைவெளியையோ அவர் மாற்றக்கூடும்.