குழம்பு எலும்பு நாய்க்கு ஆகாது

ரவாங் பக்கம் தீபாவளி விருந்து முடிந்தால் மிச்ச எலும்பெல்லாம் வாசலில் காத்திருக்கும் நாய்க்குத்தான். "காலங்காலமாகப் போடுகிறோமே டீச்சர், என்ன ஆகிவிட்டது?" என்றான் மூன்றாம் படிவ மாணவன் ஒருவன்.

கோழி எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவையுங்கள். சுண்ணாம்புச் சத்து கரைந்து, எலும்பு ரப்பர்போல் வளையும். வளையவைப்பது கொலாஜன் என்ற புரதம். அடுப்பில் நடப்பது நேர்மாறு. வெப்பத்தில் கொலாஜன் சிதைய, எலும்பு வளையாமல் நொறுங்குகிறது. நாய் கடித்தால் ஊசிபோன்ற சில்லுகள் தொண்டையையோ குடலையோ கிழிக்கலாம். போதாக்குறைக்குக் குழம்பில் வெங்காயம். அது நாயின் சிவப்பணுக்களை அழிக்கும்.

பச்சை எலும்பு அவ்வளவாகச் சில்லாகாது. ஆனால் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். கடையில் விற்கும் மான்கொம்பு, மாட்டுக் கால் எலும்பு எல்லாம் பல்லையே உடைத்துவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதியாவிட்டால் வாங்காதீர்கள்.

முழு கேரட்டைக் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம். காயவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டும் நல்லது. எதைக் கொடுத்தாலும் பக்கத்திலேயே இருங்கள். விழுங்கும் அளவுக்குச் சிறுத்ததும் பிடுங்கிவிடுங்கள்.

சமைத்த எலும்பை நாய் விழுங்கிவிட்டால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சில்லு திரும்பி வரும்போதும் கிழிக்கும். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.