போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்குத் தோழமை ஆலோசகர் ஆற்றும் பணி

மதுவையோ அபினி வகைப் பொருள்களையோ நெடுங்காலம் உட்கொண்டு வந்த ஒருவர் அதனை நிறுத்தும்போது உண்டாகும் உடல் தொல்லைகள், தக்க சிகிச்சை இருப்பின், பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தணிந்துவிடும். அவர் வீடு திரும்பிய பின்னர் வரும் மாதங்களே கடினமானவை. அதே தெருவும், அதே கூட்டாளிகளும், அடைபடாத கடனும், நம்பிக்கை இழந்துவிட்ட குடும்பமும் அவரை எதிர்கொள்கின்றன. மருத்துவரோ மாதம் ஒரு முறை சில நிமிட நேரமே அவரைக் காண இயலும். இந்த இடைக்காலத்தில் அவருடன் நடப்பதற்கு, அதே பாதையில் முன்னரே நடந்து மீண்ட ஒருவர் கிடைப்பாராயின் அது பெரிய உதவியாகும்.

இத்தகைய ஊழியரை ஆங்கிலத்தில் ‘பியர் கவுன்சிலர்’ என்பர். அப்பெயர் நம் செவிக்கு மது வகை ஒன்றின் பெயர் போலவே ஒலிக்குமாதலின், ‘தோழமை ஆலோசகர்’ என்றழைப்பதே இப்பணிக்குப் பொருத்தம்.

தேவை எவ்வளவு பெரிது என்பதைப் புள்ளிவிவரங்கள் காட்டும். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் பொருட்டு, டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த நிபுணர்கள் நடத்தி 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட தேசியக் கணிப்பின்படி, மதுவினால் விளைந்த கேடுகளுக்கு உதவி தேவைப்படுவோர் நம் நாட்டில் சுமார் 5.7 கோடிப் பேர். அபினி வகைப் பொருள்களினால் அந்நிலையை அடைந்தோர் சுமார் 77 லட்சம் பேர். மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சை பெற்றதாகக் கூறினார். மருத்துவர்களைக் கொண்டு மட்டுமே இவ்விடைவெளியை நிரப்புதல் அண்மையில் கைகூடக் கூடியதன்று.

மீண்டவர் மீளாதவருக்கு உதவுதல் என்னும் முறை புதிதன்று. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், குடிப்பழக்கத்தால் நலிந்த இருவர் ஒருவருக்கொருவர் துணை நின்றதிலிருந்தே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் அமைப்பு தோன்றியது. நம் நாட்டில் இம்முறையின் பயன் மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடம் மணிப்பூர் எனலாம். அங்கு 1980-களில் ஹெராயினை ஊசி மூலம் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் இளைஞரிடையே பரவியது. 1989-ஆம் ஆண்டு இறுதிக்குப் பின் சில மாதங்களுக்குள்ளாகவே, சோதிக்கப்பட்ட ஊசிப் பழக்கத்தினரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் எச்.ஐ.வி. கிருமி காணப்பட்டது. காவலருக்கும் ஊராருக்கும் அஞ்சி மறைந்து வாழ்ந்த அவர்களை வெளியாட்கள் அணுகுதல் எளிதாக இல்லை. 1991-ஆம் ஆண்டில் இம்பாலில், முன்னர் அப்பழக்கத்தில் இருந்தோரே கூடி ஒரு சங்கம் அமைத்துப் பணியைத் தொடங்கினர். எந்த வீட்டுக் கதவை எந்நேரத்தில் தட்டலாம், எவரிடம் எச்சொல்லைச் சொல்லக் கூடாது என்பன அவர்களுக்குத் தெரிந்திருந்தன. இந்த அறிவு எப்பயிற்சி நூலிலும் கிடைப்பதன்று.

ஆலோசகரின் அன்றாட வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும். சிகிச்சைக்கு வர மறுப்பவரைச் சந்தித்துப் பேசுதல், வருபவருடன் மருத்துவமனை வரிசையில் நிற்றல், வீடு திரும்பியவரைக் கூலி கைக்கு வரும் நாளின் மாலையில் தவறாது கண்டு வருதல், மனைவியும் தாயும் கூறும் குறைகளைக் கேட்டல் என்று அது நீளும். பேச்சைவிடக் கேட்பதற்கே அவர் மிகுதியும் பழகவேண்டும். தம் கதையைச் சொல்வது அவருடைய கருவிதான். எனினும், எதிரிலிருப்பவருக்குப் பயன்படும் அளவில் இரண்டொரு வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்வதே திறமை. ‘என்னைப்போல் மனவுறுதி இருந்தால் போதும்’ என்று கூறும் ஆலோசகர், உறுதி குலைந்து நிற்பவரை மேலும் தாழ்த்துகிறாரேயன்றி வேறில்லை.

இதனினும் பெரிய தவறு ஒன்றுண்டு. மருந்தின் துணையின்றி மீண்ட சிலர், பிறரும் அவ்வாறே மீளவேண்டும் என்று வற்புறுத்துவர். அபினி வகைப் பழக்கத்தினருக்கு நாவின் கீழ் வைத்துக் கொடுக்கப்படும் புப்ரினார்ஃபின் மாத்திரையை ‘ஒரு போதைக்கு மற்றொரு போதை’ என்று இகழ்வதும் உண்டு. இது பிழையான கருத்து. அம்மருந்தைத் தொடர்ந்து உட்கொள்வோரிடையே மரணம் குறைகிறது என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளின் முடிவு. மருந்தை நிறுத்துமாறு கூறும் உரிமை ஆலோசகருக்கு இல்லை.

உயிரிழப்பு எங்ஙனம் நேருகிறது என்பதைக் களப்பணியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். அபினி வகைப் பொருளை நாள்தோறும் ஏற்கும் உடல், பெரிய அளவையும் தாங்கப் பழகிவிடுகிறது. சில வாரங்கள் அதனை விட்டிருந்தால் இத்தாங்குதிறன் குறைந்துவிடும். சிகிச்சை இல்லத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்தவர் ஒரு நாள் மனந்தளர்ந்து பழைய அளவையே ஏற்றிக்கொண்டால், மூச்சு நின்று இறக்க நேரிடும். எனவே, திரும்பி வந்த முதல் சில வாரங்களில்தான் ஆலோசகரின் வருகை மிக அடிக்கடி இருத்தல் வேண்டும். இவ்வாபத்தை வெளிப்படையாக எடுத்துச் சொல்வது பழக்கத்துக்கு அனுமதி அளிப்பதாகாது. மூச்சுத் தடைப்பட்டவருக்கு நலோக்சோன் என்னும் மருந்தை உரிய நேரத்தில் செலுத்தினால் மூச்சு மீளும். அதன் வலிமை ஒரு மணி நேரமளவில் குறையக் கூடுமாதலின், நினைவு திரும்பிய பின்னரும் அவரை மருத்துவமனையில் சேர்த்தே ஆகவேண்டும். இத்தகைய நிகழ்ச்சியைக் காண நேரிடக் கூடிய தோழர்களுக்கும் குடும்பத்தினருக்கும் இம்மருந்து கிடைக்கவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2014-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

மதுவின் இயல்பு வேறு. பல்லாண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதலிரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் கடும் நடுக்கமும் சித்தப் பிரமையும் தோன்றக் கூடும். அவரை அறையில் பூட்டி வைத்தோ, கோயிலில் சத்தியம் வாங்கியோ நிறுத்தச் செய்யும் குடும்பங்கள் எத்தனையோ உள. ஆலோசகர் அங்குச் செய்யத்தக்கது ஒன்றே: தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல்.

ஆசிரியர்களுக்குரிய செய்தி ஒன்று. முன்பு கூறிய கணிப்பில், பெரியவர்களைவிடச் சிறுவரிடையே மிகுந்து காணப்பட்டது பசை, தின்னர் போன்றவற்றின் ஆவியை முகரும் பழக்கம் மட்டுமே, சிறுவரில் 1.17 சதவிகிதம், பெரியவரில் 0.58 சதவிகிதம். ஆகவே பள்ளியில் எச்சரிக்கை தேவைதான். ஆயின், மீண்ட ஒருவரை மேடையேற்றித் தம் வாழ்க்கைக் கதையை உருக்கமாகச் சொல்லச் செய்தல் மாணவரைத் தடுப்பதில்லை என்பதே ஐக்கிய நாடுகள் அமைப்பின் தடுப்புப் பணி நெறிகள் கூறும் முடிவு. தோழமை ஆலோசகரின் இடம் பழக்கத்தில் வீழ்ந்தவரின் அருகே, வகுப்பறையில் அன்று. ஐயத்துக்குரிய மாணவனைப் பற்றி ஆசிரியர் தனியே அவரிடம் ஆலோசிக்கலாம். 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம்.

இப்பணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்கள் பேச்சுவன்மையைப் பார்த்து மயங்குதல் கூடாது. பழக்கத்தை விட்டு ஓராண்டோ ஈராண்டோ நிலைத்தவராகவும், கேட்ட இரகசியத்தைக் காப்பவராகவும் இருத்தல் முக்கியம். சிகிச்சை பெறுபவரின் செய்திகள் மறைவாகக் காக்கப்படுதல் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அளித்த உரிமை. ஊரில் ஒரு முறை செய்தி கசிந்தால் அதன் பின் எவரும் ஆலோசகரை நாடமாட்டார். அவருக்கு முறையான ஊதியமும், வாரந்தோறும் மனம் விட்டுப் பேச மேற்பார்வையாளர் ஒருவரும் தேவை. ‘சேவை’ என்று பெயரிட்டுச் சொற்பத் தொகை கொடுத்து அனுப்பும் வழக்கம் நியாயமானதன்று. நாள்தோறும் பழைய இடங்களுக்கே செல்லும் அவரும் மீண்டும் வழுவக் கூடும். அதனை அவர் அஞ்சாது தெரிவிப்பதற்கு முன்னேற்பாடு வேண்டும்: உடனே விடுப்பும் சிகிச்சையும் அளித்து, அவர் பார்த்து வந்தவர்களை அன்றே மற்றோர் ஊழியர் பொறுப்பில் ஒப்படைத்து, நலம் பெற்றபின் வேலைக்குத் திரும்ப இடம் வைத்தல் வேண்டும்.