விருதுநகர் மண்டிக்கு வராத சரக்கு: பீர் உருவாகும் விதமும் விற்பனையாகும் விதமும்

உளுந்து, துவரை, வற்றல், நல்லெண்ணெய் ஆகியவற்றின் விருதுநகர் விலை நாளேடுகளில் சந்தை நிலவரமாக அச்சாகும் அளவுக்கு, பேசி விலை முடிக்கும் மரபு அவ்வூர் வணிகத்தில் வேரூன்றியிருக்கிறது. அங்குள்ள கமிஷன் மண்டிகள் கைவைக்க முடியாத சரக்கு பீர்.

அதன் மூலப்பொருள் வாற்கோதுமை. அதை ஊறவைத்து முளைகட்டி, முளை நீளுமுன் வெப்பக்காற்றில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். முளைக்கும்போது தானியத்தில் ஊறிய நொதிகள், மால்ட்டை உடைத்துச் சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் கலக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. செலவைக் குறைக்க இந்திய ஆலைகள் பல அரிசியையும் சேர்க்கின்றன. வடித்த இனிப்பு நீரை, அதாவது வோர்ட்டை, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களோடு கொதிக்கவைத்தால் கசப்பும் மணமும் ஏறும். பிறகு அதைக் குளிர்வித்து ஈஸ்ட் இட்டால், சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறும். இங்கு மிகுதியாக விற்கும் லாகர் வகை, 10 முதல் 15 டிகிரிக்குள் மெதுவாக நொதித்து, உறைநிலையை ஒட்டிய குளிரில் முதிர்ந்து, வடிகட்டப்பட்டு, 650 மில்லி பாட்டில்களில் அடைபடுகிறது. அந்தப் பாட்டில்கள் ஏறத்தாழ 60 டிகிரி வெந்நீர்த் தூறலுக்கடியில் நகர்ந்து செல்லும்போது எஞ்சிய ஈஸ்ட்டும் மடிவதால், சரக்கு மாதக்கணக்கில் கெடாது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் சத்து துர்நாற்றமாகத் திரிந்துவிடும் என்பதாலேயே கண்ணாடி பழுப்பு நிறத்தில் இருக்கிறது.

பனங்கள்ளில் நடப்பதும் இதே நொதித்தல்தான். ஆனால் அங்கே ஈஸ்ட் காற்றிலிருந்தும் கலயத்திலிருந்தும் தானே வந்து சேர்வதால், ஒரு நாளுக்குள் புளிப்பேறிவிடும். கள்ளுக்கு 1987 முதல் தடை நீடிக்க, ஆலையில் நொதித்ததை மட்டும் அரசே விற்பது பனையேறிகளின் நெடுநாள் மனக்குறை. அதில் நியாயம் இருக்கிறது.

விற்பனையின் கதை முற்றிலும் வேறு. மதுவின் மொத்த விற்பனைக்கென 1983இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டதால், மாநிலச் சந்தையில் பீர் ஆலைக்கு வாடிக்கையாளர் ஒருவரே. மன்றங்களும் ஓட்டல் பார்களும்கூட அந்த நிறுவனத்திடமே வாங்குகின்றன. சிவகாசிப் பட்டாசும் சாத்தூர்த் தீப்பெட்டியும் ஜி.எஸ்.டி.க்குள் வந்துவிட்ட பிறகும் மது அதற்கு வெளியே நிற்பதால், கலால் தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் நேரே மாநிலக் கருவூலத்துக்குப் போகின்றன; நுகர்வோர் தரும் விலையில் பெரும்பங்கு அவைதான். தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை இருப்பதால், ஆலைகள் சோடாவுக்கும் குடிநீருக்கும் தம் பெயரையே சூட்டி அவற்றை விளம்பரப்படுத்துகின்றன. கடையில் விலையைக் குறைத்தும் போட்டியிட வழியில்லாத நிலையில், டாஸ்மாக்கின் கொள்முதல் ஆணையில் எத்தனை பெட்டிகள் தமக்குக் கிடைக்கின்றன என்பதிலேயே ஆலைகளின் வியாபாரம் அடங்கிவிடுகிறது. கடைக்கு வருபவரோ, கிடங்கிலிருந்து அன்று எந்த ஆலையின் சரக்கு வந்திறங்கியதோ அதையே வாங்கிச் செல்கிறார்.