முன்வாசலில் சலுகை, பின்வாசலில் தடை: நெதர்லாந்தின் கஞ்சாச் சிக்கல்

நெதர்லாந்தில் கஞ்சா சட்டபூர்வமானது என்ற எண்ணம் உலகெங்கும் பரவலாக உண்டு. அது சரியல்ல. 1976ஆம் ஆண்டு திருத்தப்பட்ட அந்நாட்டின் அபின் சட்டம், ஹெரோயின் போன்ற கடும் போதைப்பொருட்களிலிருந்து கஞ்சாவையும் ஹஷீஷையும் வேறுபடுத்தியது. கஞ்சா புகைக்க விரும்பும் இளைஞர் அதற்காக ஹெரோயின் விற்பவரை நாட நேரக்கூடாது என்பதே இதற்கான வாதம். எனினும், போதைப்பொருட்கள் குறித்த 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்ற நாடு என்பதால், விற்பனையை வெளிப்படையாக அனுமதிக்க அரசு முன்வரவில்லை. குற்றம் சட்டப்புத்தகத்தில் குற்றமாகவே நீடித்தது. அரச வழக்குத்தொடுநர்கள் வழக்குத் தொடுப்பதை மட்டும் தவிர்த்தனர்.

இந்தச் சலுகையில்தான் 'காஃபி ஷாப்' எனப்படும் கடைகள் இயங்குகின்றன. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் விற்கக்கூடாது. 18 வயதுக்குக் குறைந்தோரை அனுமதிக்கக்கூடாது. விளம்பரமும் மதுவும் கூடாது. கடையில் 500 கிராமுக்கு மேல் இருப்பு இருக்கக்கூடாது. விதிகள் இவ்வளவு துல்லியமாக இருந்தும், அந்த 500 கிராம் எங்கிருந்து வரவேண்டும் என்பதற்கு மட்டும் விடை இல்லை. பெருமளவில் பயிரிடுவதும் கடைகளுக்கு வழங்குவதும் தண்டனைக்குரிய குற்றங்கள். விற்பவர் வருமான வரி செலுத்துகிறார். அவருக்குச் சரக்கு கொடுப்பவர் சிறைக்குச் செல்லக்கூடும். டச்சுக்காரர்களே இதைப் 'பின்வாசல் பிரச்சினை' என்று அழைக்கின்றனர்.

பின்வாசலை நிரப்பியவை குற்றக் கும்பல்கள். வீட்டு மேல்மாடிகளிலும் கிடங்குகளிலும் விளக்கொளியில் செடிகள் வளர்க்கப்பட்டன. மின்மானியைத் தவிர்த்து மின்சாரம் திருடப்பட்டதால் தீவிபத்துகளும் நேர்ந்தன. அயலார் மணத்தை அறிந்து தகவல் தர வேண்டும் என்பதற்காக, சுரண்டினால் கஞ்சா மணக்கும் அட்டைகள் 2010ஆம் ஆண்டு வீடுகளுக்கு விநியோகிக்கப்பட்டன. கடையில் சகித்துக்கொள்ளும் பொருளைச் செடியாக இருக்கும்போது வேட்டையாடும் இந்த நிலை, பல நகர மேயர்களுக்கே ஏற்புடையதாக இருக்கவில்லை.

இதன் விளைவாகப் பிரேடா, டில்பர்க் நகரங்களில் 2023 டிசம்பரில் ஒரு பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. பின்னர் இது மாஸ்ட்ரிக்ட், குரோனிங்கன் உள்ளிட்ட பத்து நகராட்சிகளுக்கு விரிவடைந்தது. 2025 ஏப்ரல் 7 முதல் அங்குள்ள கடைகள் அரசின் உரிமம் பெற்றவர்கள் விளைவிக்கும் கஞ்சாவையே விற்கவேண்டும். மொரோக்கோ ஹஷீஷுக்குப் பழகிய வாடிக்கையாளர்களுக்கு உள்நாட்டுச் சரக்கு போதவில்லை என்ற முறைப்பாட்டால், ஹஷீஷுக்கு மட்டும் சில மாத அவகாசம் தரப்பட்டது. காஃபி ஷாப்களுக்கு மிகவும் பெயர்பெற்ற ஆம்ஸ்டர்டாம் இத்திட்டத்தில் சேர்க்கப்படவில்லை.