மலை தாண்டும் வைஃபை, தகரம் தாண்டாதது ஏன்?

2007-ஆம் ஆண்டு வெனிசுவேலாவில் எர்மன்னோ பியட்ரோசெமோலி என்பவரின் குழு, 382 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு மலைகளை வைஃபையால் இணைத்தது. சென்னையிலிருந்து நேர்கோடு போட்டால் திருச்சியைத் தாண்டிவிடும் தூரம் அது. பெரிய ஆன்டெனாக்களைப் பூட்டியிருந்தாலும், உள்ளே இருந்தவை கடையில் விற்கும் ரவுட்டர்கள்தாம். ஆனால் கோவைப் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டத்தின் கடைசியில், 60 மீட்டர் தள்ளி இருக்கும் லேத் பட்டறையில், வாட்ஸாப்பில் வந்த டிராயிங் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஷட்டரை இறக்கினால் நெட் அடியோடு போய்விடும்.

தூரத்தின் மேல் பழி போடுவதற்கு முன் காற்றைக் கணக்குப் பார்த்துவிடலாம். வீட்டு ரவுட்டர் ஏறக்குறைய 100 மில்லிவாட் திறனில் ரேடியோ அலைகளை அனுப்புகிறது. ஒன்பது வாட் எல்இடி பல்பு இழுக்கும் மின்சாரத்தில் இது தொண்ணூறில் ஒரு பங்கு. அலை நாலாபக்கமும் விரிவதால், 60 மீட்டர் தள்ளி இருக்கும் செல்போனுக்குக் கிடைப்பது அதிலும் மூன்றரைக் கோடியில் ஒரு பங்குதான். ஆனால் செல்போனுக்கு அதுவே தாராளம். இன்னும் ஆயிரம் மடங்கு குறைந்தாலும் மெதுவாகவாவது படித்துவிடும். வெட்டவெளியில் 60 மீட்டர் ஒரு பொருட்டே அல்ல.

வழியில் நிற்பவைதான் பொருட்டு. செங்கல் சுவர் அலையில் ஒரு பங்கை விழுங்குகிறது. கம்பி கட்டிய கான்கிரீட் அதைவிட அதிகம். மரங்களின் இலைகளில் இருப்பது பெரும்பாலும் நீர். வைஃபை அலையை நீர் உறிஞ்சும். மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் ஏறக்குறைய இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கொண்டுதான். கடைசியில் பட்டறைத் தகரம். அலை பட்டதும் உலோகத்தில் உள்ள எலெக்ட்ரான்கள் அதன் தாளத்துக்கு அசைந்து, அதை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. அரை மில்லிமீட்டர் தகட்டுக்குள் அலை நுழையும் ஆழம் சில மைக்ரான், அதாவது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்கு.

அலையைத் தகரத்துக்குள் தள்ளப் பார்ப்பதை விட்டு, வெளியிலேயே பிடித்துக் கம்பி வழியாக உள்ளே இறக்குவது ஒரு வழி. மொட்டைமாடியில் ஒன்றும் பட்டறைச் சுவரில் ஒன்றுமாக இரண்டு தட்டு ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். டார்ச் லைட் வெளிச்சத்தைக் குவிப்பதுபோல இவை அலையை ஒரு திசையில் குவிக்கின்றன, லென்சும் கண்ணாடியும் இல்லாமலே. தட்டுக்குள் சின்னச் சின்னச் செம்புச் சதுரங்கள் வரிசையாக இருக்கும். அவற்றிலிருந்து கிளம்பும் அலைகள் நேரெதிரே ஒன்றுகூடி வலுக்கின்றன. பக்கவாட்டில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கையகலத் தட்டு 20 மடங்கு பலம் தரும். இரு முனையிலும் தட்டு இருப்பதால் 400 மடங்கு.

இரண்டு தட்டுக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு கோடு தெளிவாக இருந்தால் போதுமா? போதாது. கோட்டைச் சுற்றி, நடுவில் பருத்து முனைகளில் மெலிந்த ஒரு வெளி முழுவதையும் அலை பயன்படுத்துகிறது. இதற்கு ஃபிரெனல் மண்டலம் என்று பெயர். ஒளி விளிம்புகளில் வளைவதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்த பிரெஞ்சு இயற்பியலாளர் ஒகுஸ்தான் ஃபிரெனலின் நினைவாக வைத்தது. வைஃபையின் இன்னோர் அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் 60 மீட்டர் இணைப்புக்கு இந்த வெளியின் நடுப்பகுதி 1.8 மீட்டர் அகலம், ஓர் ஆள் உயரம். தென்னை மட்டை ஒன்று கோட்டைத் தொடாமல் அரை மீட்டர் தள்ளி ஆடினாலும் வேகம் குறையலாம்.

ஆன்டெனாக்களால் அலையைக் குவிக்கும் இதே உத்தி தேனியில் கண் மருத்துவத்துக்கு உதவியது. 2000-களின் நடுப்பகுதியில், அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டார ஊர்களின் பார்வை மையங்களையும் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபையால் இணைத்தார்கள். ஊரில் இருக்கும் நோயாளியிடம் மருத்துவர் தேனியில் இருந்தபடியே வீடியோவில் பேச முடிந்தது. இதில் ஒரு விசித்திரச் சிக்கல் உண்டு. தகவலை வைஃபை பொட்டலம் பொட்டலமாக அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலை எதிர்பார்க்கும். வீட்டு அளவை மனத்தில் வைத்து வகுத்த விதி என்பதால், அதன் பொறுமை சில பத்து மைக்ரோ நொடிகள்தாம். 10 கிலோமீட்டர் போய்வர அலைக்கு 67 மைக்ரோ நொடி ஆகும். பதில் வழியில் இருக்கும்போதே, காணாமல் போனதாக நினைத்து மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். ஆய்வாளர்கள் அந்த விதியையே மாற்றி, இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி செய்தார்கள்.

கம்பி வழியாகப் பட்டறைக்குள் வந்து, அங்கே ஒரு ரவுட்டர் மறுபடி அலையாகப் பரப்பிய பிறகும் சோதனை தீராது. லேத், டிரில்லிங் மெஷின், கூரைத் தகரம் என எல்லாவற்றிலும் அலை எதிரொலிக்கிறது. ஒரே செய்தி பல வழியில் முன்னும் பின்னுமாக வந்து குழப்புகிறது. இதற்கு 1990-களில் நல்ல தீர்வு சொன்னவர்களில் ஆஸ்திரேலியாவின் ஜான் ஓசல்லிவன் குழுவும் ஒன்று. முன்பு அவர் தேடியது, வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளின் ரேடியோ அலையை. அது கிடைக்கவில்லை, அதற்காகக் கற்ற கணிதம் இங்கே கைகொடுத்தது. செய்தியை ஒரே ஓட்டமாக அனுப்பாமல், பல சிறு அலைவரிசைகளில் பிரித்து ஒவ்வொன்றிலும் நிதானமாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு குறிக்கும் முன்பு 0.8 மைக்ரோ நொடி இடைவெளி உண்டு. அதற்குள் அலை 240 மீட்டர் ஓடிவிடும். அவ்வளவு சுற்றி வரும் எதிரொலியும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

பேசாமல் கம்பி இழுத்துவிட்டால்? ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். உரித்துப் பார்த்தால் எட்டுச் செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகள். முறுக்கும் யோசனைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்றார். ஓர் இணையின் இரு கம்பிகளும் எதிரெதிர்க் குறிகளைச் சுமக்கின்றன. பெறும் முனை அவற்றின் வித்தியாசத்தை மட்டும் படிக்கிறது. வெல்டிங் மெஷினின் இரைச்சல் முறுக்கிய இரண்டிலும் ஒரே அளவாக ஏறுவதால், கழிக்கும்போது அடிபட்டுப் போகிறது. கிகாபிட் வேகத்தில் ஒவ்வோர் இணையிலும் இரு திசைத் தகவலும் ஒரே நேரத்தில் ஓடும். தான் அனுப்பியதைக் கழித்துவிட்டு, எஞ்சியதை எதிர்முனையின் பேச்சாக எடுத்துக்கொள்கிறது ஒவ்வொரு முனையும்.

செம்பு அஞ்சுவது இடிக்கு. பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தால் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் மண்ணுக்குள் பாயும். அந்தக் கணத்தில் வீட்டு எர்த்துக்கும் பட்டறை எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு எழலாம். இரண்டையும் இணைக்கும் செம்புக் கம்பி அதற்குப் பாலமாகிவிடும். இரு முனையிலும் போர்ட்டுகள் கருகும்.

செம்புக்குப் பதிலாகக் கண்ணாடி இழையில் தகவலை ஒளியாக அனுப்பலாம். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. இழைக்குள் ஒளி மங்குவது கண்ணாடியின் குற்றமல்ல, அதில் கலந்த அசுத்தத்தின் குற்றம் என்று 1966-இல் வாதிட்டவர் சார்லஸ் காவோ. 2009-இல் அதற்கு நோபல் பரிசு வந்தது. இன்றைய ஒளியிழையில் ஒரு கிலோமீட்டர் கடந்த பின்பும் 90 சதவீதத்துக்கு மேல் எஞ்சும். 60 மீட்டரில் ஒரு சதவீதம்கூடக் குறையாது. ஒளி ஓடும் உட்கரு 9 மைக்ரான், தலைமுடியில் எட்டில் ஒரு பங்கு. உள்ளே எஃகுக் கம்பி இல்லாத கேபிளாகக் கேட்டு வாங்கிக் குழாயில் புதைத்து, முனைக்கு ஒரு மீடியா கன்வெர்ட்டர் வைத்தால் வேலை முடிந்தது. மின்குறியை ஒளியாகவும் ஒளியை மின்குறியாகவும் அது மாற்றித் தரும்.

இனி அந்த இழைக்குள் ஓடும் ஒரு பொட்டலத்தை அளந்து பார்க்கலாம். வழக்கமான பெரிய பொட்டலம் 1,500 பைட். அதை கிகாபிட் வேகத்தில் வெளியே தள்ள 12 மைக்ரோ நொடி ஆகும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். ஆகவே அந்த ஒரு பொட்டலத்தின் நீளம் 2.4 கிலோமீட்டர்! அதன் தலை 0.3 மைக்ரோ நொடியில் பட்டறைக்குள் நுழைந்துவிடும். உடலின் பெரும்பகுதி அப்போது வீட்டுப் பெட்டியை விட்டுக் கிளம்பியே இருக்காது. அந்தப் பொட்டலம் முழுதாக நீட்டிப் படுக்கக்கூட 60 மீட்டர் போதாது.