வாட்டடுப்பின் அகவை

அமெரிக்கக் குடும்பங்களின் கொல்லைப்புறத்தில் நிற்கும் எரிவளி வாட்டடுப்பு, வேனில் முழுதும் இறைச்சியும் மீனும் சோளக்கதிரும் வாட்டப் பயன்படுவது. பனிக்காலம் கழிந்து அதன் மூடியைத் திறக்கும் இல்லத்தார் பலருக்கும் ஓர் ஐயம் எழுகிறது. கம்பிகளில் துரு படர்ந்திருக்கும். தீ ஒருபுறம் ஓங்கியும் மறுபுறம் ஒடுங்கியும் எரியும். மூடியின் உட்புறத்திலிருந்து கருஞ்செதில்கள் உதிரும். இதனைப் புதுப்பிப்பதா, விலக்கிவிட்டு வேறொன்று வாங்குவதா? வாங்கி எத்தனை ஆண்டாயிற்று என்று எண்ணி விடை காண்பதே பொதுவழக்கு. ஆனால் வாட்டடுப்பு ஒரே அகவையுடைய பொருளன்று. அதன் உறுப்புகள் வெவ்வேறு மாழைகளால் ஆனவை. வெவ்வேறு வெம்மையில் உழல்பவை. வெவ்வேறு விரைவில் தேய்பவை. எவ்வுறுப்பு தேய்ந்தது, எதனால் தேய்ந்தது என்று அறிந்த பின்னரே முடிவு பிறக்கும்.

உறுப்புகளை இரு கூறாகப் பகுக்கலாம். தீயைச் சூழ்ந்து நிற்கும் பெட்டகமும் அதனைத் தாங்கும் சட்டகமும் முதற்கூறு. எரிகுழல்கள், அவற்றின்மேல் கவிந்த தகடுகள், வாட்டுகம்பிகள், பொறியூட்டி, எரிவளிக் குழாய், அழுத்தச் சீராக்கி ஆகியன இரண்டாங்கூறு. இரண்டாங்கூற்றில் உள்ளவை தேய்வதற்கும் மாற்றப்படுவதற்கும் என்றே அமைக்கப்பட்டவை. பழைய அடுப்புகளில் எரிகுழலின்மேல் எரிமலைக் கற்கள் பரப்பப்பட்டிருந்தன. 1985இல் வெபர் நிறுவனம் தன் செனிசிசு அடுப்பில் அக்கற்களை நீக்கி, கூரைபோற் சாய்ந்த எஃகுப் பட்டைகளைப் பொருத்தியது. சொட்டும் கொழுப்பையும் உப்பையும் பட்டை ஏற்றுக்கொள்ள, அடியிலுள்ள குழல் தப்புகிறது. எனவே, அரித்துத் துளைவிழுந்த பட்டை தன் கடமையைச் செய்து முடித்தது என்பதே பொருள். அடுப்பு அழிந்தது என்பது பொருளன்று.

இத்தேய்வுக்கு முதற்காரணம் தீயே நீரை ஈனுவதாகும். புரோப்பேன் மூலக்கூறு ஒன்று ஐந்து உயிர்வளி மூலக்கூறுகளோடு கூடி எரியும்போது மூன்று கரியமிலவளி மூலக்கூறுகளும் நான்கு நீர் மூலக்கூறுகளும் பிறக்கின்றன. எடைக் கணக்கில், 1 கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோவுக்குச் சற்று மிகுதியான நீராவி எழும். அமெரிக்க இல்லங்களில் வழங்கும் உருளை ஏறத்தாழ 9 கிலோ எரிவளி கொள்வது. அது தீர்வதற்குள் 15 கிலோ அளவு நீர் உருவாகிவிடுகிறது. பெரும்பகுதி காற்றில் கலந்துவிடும். எனினும், ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் மாழை குளிர்ந்திருக்கும் தொடக்கப் பொழுதில் அந்நீராவி அதன்மேற் படிந்து பனிக்கிறது. அந்த ஈரம், உணவிலிருந்து சிந்திய உப்பைக் கரைத்துக்கொண்டு இடுக்குகளிற் புகுகிறது.

துருவுறா எஃகால் ஆன குழலுக்கு இதனால் என்ன கேடு என வினவலாம். 1913இல் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் ஆரி பிரியர்லி என்பார், துப்பாக்கிக் குழலின் உட்புறம் வெம்மையால் அரிபடுவதைத் தடுக்கும் வழியைத் தேடியபோது கண்டறிந்தது இவ்வகை எஃகு. அதன் காப்பு, குரோமியத்தால் வருவது. எஃகில் நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடிச் சில நானோமீட்டர் தடிப்புள்ள ஒரு மெல்லேட்டை மேற்பரப்பில் விரிக்கிறது. கீறல் விழுந்தால் ஏடு தானே மீண்டும் படர்ந்துகொள்ளும். ஆயினும் இக்காப்புக்கு இரு பகைகள் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு ஏட்டைக் குத்திக் குழிபறிக்கும். கொழுப்புப் படிவின் அடியிலோ உயிர்வளி எட்டாமையால் ஏடு மீளப் படராது. கடும் வெப்பம் மற்றொரு பகை. ஏறத்தாழ 450 முதல் 850 பாகை செல்சியசு வரையுள்ள வெம்மையில் நெடிது நின்றால், எஃகிலுள்ள கரிமம் குரோமியத்தைத் தன்பால் ஈர்த்துப் பிணைத்துக்கொள்கிறது. எஃகின் நுண்படிக மணிகளின் விளிம்புகள் குரோமியம் குன்றி வலுவிழக்கின்றன. எரிகுழலின் தீத்துளைகள் ஓரத்தில் அரிபட்டு ஒன்றோடொன்று இணைந்து பிளவாவதற்கு இவை காரணமாகின்றன.

எஃகின் வகையும் அதன் வாழ்நாளை அளக்கிறது. 304 என்னும் வகையில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. 430 என்னும் வகையில் நிக்கல் சேர்வதில்லை. அது மலிவானது, விரைந்து கறைபடுவது. காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்தால் 430 பற்றும், 304 பெரும்பாலும் பற்றாது. நிக்கலுக்கு ஈடாக மாங்கனீசு கலந்த மலிவான வகையும் காந்தத்தைப் பற்றாது. ஆதலின் இதனை முதற்குறியாகக் கொள்ளலாமேயன்றி முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

இனி, நோய்போல் தோன்றி நோயல்லாதவை சில உண்டு. மூடியிலிருந்து உதிரும் கருஞ்செதில் வண்ணப்பூச்சன்று. கொழுப்பும் புகையும் கரிந்து படிந்த படலம். சுரண்டி நீக்கினால் போதும். பொறி எழாமைக்குச் சில அடுப்புகளில் மின்கலம் தீர்ந்ததே காரணம். மின்கலமின்றி அழுத்துவிசையால் பொறி எழுப்பும் வகை, 1880இல் கியூரி உடன்பிறந்தார் இருவர் கண்ட படிக மின்விளைவின் பயன். அதில் கம்பித் தொடர்பு அறுந்திருக்கலாம். எல்லாக் குழல்களும் ஒருசேர மெலிந்து எரிந்தால், உருளையின் திறப்பை விரைந்து திருகியமையால் மிகைப்போக்குத் தடுப்பு மூடிக்கொண்டிருக்கக்கூடும். அனைத்தையும் அடைத்து, குழாயைக் கழற்றிச் சிறிது பொறுத்துப் பூட்டி, மெல்லத் திறந்தால் தீ மீளும்.

ஒரு குழல் மட்டும் மஞ்சளாய் எரிந்தால் காற்று குறைந்தது என்க. புரோப்பேன் ஒரு பங்கு முற்றும் எரியக் காற்று ஏறத்தாழ 24 பங்கு வேண்டும். குழலின் வாயில் சிலந்தி கூடு கட்டினால் காற்று குன்றுவதோடு, தீ பின்வாங்கித் திருகுகளின் அருகே எரியவும் இடமுண்டு. தூரிகையால் துடைத்தால் தீரும் குறை இது. துடையாது விட்டால் பெருங்கேடு.

குழாயும் சீராக்கியும் இரக்கம் காட்டத்தக்கவை அல்ல. வெயில்நாளில் உருளைக்குள் எரிவளி, காற்றழுத்தத்தைப் போல் ஏழு மடங்கிற்கும் மிகுந்த அழுத்தத்தில் உள்ளது. சீராக்கி அதனை 28 செண்டிமீட்டர் நீர்மட்ட அளவுக்குத் தாழ்த்தி அனுப்புகிறது. இரப்பர் வெடித்தாலும் இணைப்பில் சவர்க்கார நீர் குமிழ்விட்டாலும் உடனே புதியது பூட்டுக. புரோப்பேன் காற்றினும் ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தாழ்ந்து தரையோரம் தேங்கும்.

இவற்றையெல்லாம் மாற்றலாம் எனில், முடிவு பெட்டகத்தின்மேல் நிற்கிறது. தகட்டெஃகுப் பெட்டகம் அரித்து ஓட்டை விழுந்திருந்தால் தீயும் கொதிக்கும் கொழுப்பும் குழாயை நோக்கி வழியும், அதற்கு மருந்தில்லை. சட்டகம் துருவேறி ஆட்டம் கண்டாலும் அவ்வாறே. வார்ப்பு அலுமினியப் பெட்டகமோ துருவேறாது. கடுந்தீயில் உருகக்கூடியதாயினும், கொழுப்புத் தீப்பற்றி வளையாதவரை நெடுங்காலம் உழைக்கும். கனிமத்திலிருந்து 1 கிலோ அலுமினியம் பிரிக்க 14 கிலோவாட்-மணி அளவு மின்னாற்றல் செலவாகும். 8 கிலோ எடையுள்ள பெட்டகம் என்று கொண்டாலும் 100 கிலோவாட்-மணிக்கு மேல் அதனுள் அடங்கியிருக்கிறது. அவ்வுடலை எறிந்துவிட்டு மெல்லிய தகட்டடுப்பு வாங்குவோர், நெடிது வாழ்வதைக் கொடுத்துக் குறுகிய வாழ்வினதைப் பெறுகின்றனர்.

ஆகவே விலையொப்பீடும் நேர்மையாய் அமைதல் வேண்டும். பழைய அடுப்பின் உறுப்புச் செலவைக் கடையிலுள்ள மலிவான அடுப்போடு ஒப்பிடுதல் தவறு. அதே மாழையும் அதே தடிப்பும் உடைய புதிய அடுப்போடு ஒப்பிடுக. செலவு அவ்விலையில் பாதிக்குள் அடங்குமாயின், புதுப்பித்தல் ஊதியமே. அளவு பொருந்தும் குழலும் தகடும் கடையில் கிடைக்கின்றனவா என்பதையும் முன்னரே உசாவுதல் வேண்டும். நிறுவனம் மறைந்து உறுப்பும் மறைந்துவிட்டால் உறுதியான பெட்டகமும் பயன்படாது. பெட்டகம் திண்ணிதாய், உறுப்பும் கிட்டுவதாய் இருந்தால் புதுப்பித்தலே தக்கது. இரண்டில் ஒன்று பொய்த்தாலும் தயங்காது விலக்குக. விலக்கும்போது அலுமினியத்தை எஃகினின்று பிரித்துக் கொடுத்தால், புதிதாய் வடிக்க ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காட்டைக் கொண்டே அது மீண்டும் வார்ப்பாகும்.